பராக்கு வந்தால் செபம் கெட்டதா?

புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் மறைக்கல்வி ஆசிரியை நான். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், செபமாலை கையில எடுத்தாலே பராக்குதான். வாய் அருள் நிறைந்த மரியேன்னு சொல்லுது, மனசு கடலுக்குப் போன போட்டுலேயே நிக்குது. இப்படிச் சொல்லி என்ன பலன்?" என்றார் ஒருவர்.

வாய் மட்டும் சொல்வதற்கும் பலன் உண்டு. நாங்கள் வாழும் இந்த முத்துக்குளித்துறைக்குச் செபங்கள் வந்த விதத்தைப் பாருங்கள். 1542-இல் வந்த புனித சவேரியார், போர்த்துக்கீசியமும் தெரிந்த உள்ளூர்க்காரர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கினார். மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். இந்தக் கரையில் விசுவாசம் நின்றது தினமும் திரும்பத் திரும்பச் சொன்ன வாயினால்தான்.

பராக்கு நமக்கு மட்டும் வருவதல்ல. அவிலா தெரசம்மாளைத் திருச்சபை 1970-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. செபத்தைப் பற்றி அவரைப்போல் எழுதியவர்கள் குறைவு. அவரே, சில ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றுதான் காத்திருந்தேன் என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். ஆனாலும் செபிக்கப் போனார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்குத் தனியாகச் செபமாலை சொல்வது பெரும்பாடாக இருந்தது. தியான நேரத்தில் தூங்கியும் போனார். இருவரும் செபத்துக்கென்றே கார்மேல் மடத்துக்குப் போனவர்கள்!

1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் செபத்தை ஒரு போராட்டம் என்றே சொல்கிறது. பராக்குகளைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், இதயத்துக்குத் திரும்புங்கள் என்பது அது காட்டும் வழி. நம் மனம் எதில் ஒட்டிக்கிடக்கிறது என்பதைப் பராக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "போட்டு ஞாபகம் வந்தா விரட்டாதீங்கம்மா. அடுத்த அருள் நிறைந்த மரியேயை அந்தப் போட்டுக்கும் அதுல இருக்கவங்களுக்கும் ஒப்புக்கொடுங்க." கவலையே செபமாகிவிட்டால் அப்புறம் அதைப் பராக்கு என்பானேன்?

மனம் கூடிவரட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரம் வருவதேயில்லை. கோயிலில் காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூவேளை செபத்துக்கு மணியடிப்பது யாருடைய மனநிலையையும் கேட்டு அல்ல. லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணும் நடுவரிடம் ஓயாமல் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

வேலைக்குப் போய் அலுத்து வருகிறீர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. 53 மணியும் சொல்ல முடியாத வீடுகள் உண்டு. ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். சோறு போடுவதற்கு முன்னாலோ பாய் விரிப்பதற்கு முன்னாலோ ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் உட்காருங்கள்.