வேல்சு இல்லங்களின் கட்டட மாற்றமும் சொல்லடுக்குகளும்

1. முன்னுரை

வட வேல்சில் பென்மாக்னோ என்னும் ஊருக்கு அருகேயுள்ள விபர்னன்ட் பள்ளத்தாக்கில் நிற்கும் 'டீ மவுர்' என்னும் கல்வீடு, விவிலியம் முழுவதையும் முதன்முதலாக வேல்சு மொழியில் தந்த வில்லியம் மோர்கன் பிறந்த இல்லமாகப் போற்றப்பெறுகிறது. அம்மொழிபெயர்ப்பு 1588இல் அச்சேறியது. 1951 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பிலுள்ள இவ்வீடு, மொழிபெயர்ப்பின் நானூறாம் ஆண்டான 1988இல், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இருந்திருக்கக்கூடிய தோற்றத்திற்கு மீட்டமைக்கப்பெற்றது. இத்தகைய வீடுகளின் மாற்றங்களை அவற்றின் உறுப்புப் பெயர்கள் எவ்வளவு உணர்த்துகின்றன, எங்கே உணர்த்தத் தவறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. கட்டட மாற்றம்

இடைக்கால வேல்சில் வசதியுடையோர் வீட்டின் நடுக்கூடம் கூரைவரை திறந்திருந்தது. தரையின் நடுவே தீ எரிந்தது. புகை கூரை வழியே வெளியேறியது. வளைந்த மரங்கள் இணையிணையாக நின்று கூரையைத் தாங்கின. 16ஆம் நூற்றாண்டில் சுவரோடு இணைந்த கல்லடுப்பும் புகைபோக்கியும் உழவர் வீடுகளிலும் பரவத் தொடங்கின. புகை ஒருவழிப்பட்டதும் கூடத்தின் மேற்பகுதி வாழ்வதற்குரியதாயிற்று. அதில் மரத்தளம் இட்டு மேல்மாடி அமைத்தனர். பழைய கூரைமரங்களில் படிந்த புகைக்கரி, பின்னர்த் தளமிடப்பட்ட கூடம் முன்னர்த் திறந்திருந்தமைக்குச் சான்றாகிறது.

3. சொல்லடுக்குகள்

வீட்டைக் குறிக்கும் 'டீ' என்பது வேல்சின் இயற்சொல். 'மூடு' என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரினின்று பிறந்தது. 'ட்ரவுஸ்ட்' (உத்தரம்), 'ஃபெனெஸ்டர்' (சாளரம்) ஆகியன இலத்தீனிலிருந்து வந்தவை. வளைமரத் தாங்கலைக் குறிக்கும் 'நென்ஃபோர்க்' என்னும் தொகையில் 'நென்' மேற்கூரையைச் சுட்டும். 'ஃபோர்க்' கவையைச் சுட்டும் இலத்தீன் கடன்சொல். 'சிம்நை' (புகைபோக்கி), 'ல்ஹோஃப்ட்' (மேல்தளம்) ஆகியன ஆங்கில வழி வந்தன.

இவ்வடுக்குகளைக் கட்டட வரலாற்றோடு நேராகப் பொருத்துதல் தவறாகும். தமிழில் 'சன்னல்' போர்த்துக்கேயச் சொல்லாயினும் அதற்கு முன்பே சாளரமும் பலகணியும் இருந்தன. 'சிம்நை'யும் 14ஆம் நூற்றாண்டிலேயே, ஒவைன் கிளின்டூரின் சைகார்த் மாளிகையைப் பற்றி யோலோ கோக் பாடிய பாடலில் இடம்பெறுகிறது. தலைவரின் மாளிகைக்கு வந்த சொல்லும் பொருளும் உழவர் வீட்டை அடையக் காலம் பிடித்தது. ஆகவே சொல் புகுந்த காலம் வேறு. பொருள் பரவிய காலம் வேறு.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

18, 19ஆம் நூற்றாண்டுச் சிறுவீடுகளில் ஒருபாதிக்கு மேல் மட்டும் அமைந்த தளம் 'க்ரோக்லோஃப்ட்' எனப்படும். 'க்ரோக்' என்பது தொங்குதலைக் குறிக்கும். தொகையில் 'ல்ஹோஃப்ட்' என்பதன் முதல் ஒலியாகிய குரலிலா மருங்கொலி மென்மையுற்று இயல்பான லகரமாகிறது. இவ்விதியை அறியாதவர் பின்னுறுப்பை அகராதியில் லகரத்தின்கீழ்த் தேடி ஏமாறுவர். இதனைப் 'பரண்' எனப் பெயர்த்தால் பொருள் வைக்கும் இடமென்றே தமிழர் கொள்வர். அதுவோ ஏணியில் ஏறிச் சென்று மக்கள் உறங்கிய இடம். 'படுக்கைப் பரண்' என்பது ஓரளவு பொருந்தும்.

டீ மவுரை ஆங்கிலத்தார் சிறுகுடில் என்னும் பொருள்படக் குறிப்பதுண்டு. அதனைப் பின்பற்றிக் 'குடிசை' என்றால் மண்சுவரும் ஓலைக்கூரையும் மனத்தில் தோன்றும். மோர்கனின் தந்தையோ குவிடிர் பண்ணையின் குத்தகையாளர். வீட்டின் பெயருக்கோ 'பெரிய வீடு' என்பதே பொருள்.

5. முடிவுரை

மீட்டமைப்போர் ஒரு காலத்தைத் தேர்ந்து, பிற காலத்து மாற்றங்களை விலக்குகின்றனர். மொழிபெயர்ப்பாளரும் ஒரு சொல்லைத் தேரும்போது ஒரு காலத்தையே தேர்கிறார். வீட்டின் உறுப்புப் பெயர்களைப் பெயர்ப்பவர், அவ்வுறுப்பு எக்காலத்தது, யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே நிகரனை முடிவு செய்தல் வேண்டும்.