அமுதசுரபியும் மாயப்பொருள் விதிகளும்: மணிமேகலையை முன்வைத்து ஓர் ஒப்பு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
கதைமாந்தராக நின்று ஆடும் மேசை ஆட்டங்களில் மாயப்பொருளைக் கண்டடைதலும் பயன்படுத்தலும் விதிகளுக்கு உட்பட்டவை. மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபிக்கும் அத்தகைய விதிகள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு, மாயப்பொருளின் எல்லை எங்கே வகுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அமுதசுரபி, ஆபுத்திரன், மதுரை, மாயப்பொருள், ஆட்ட விதி

முன்னுரை
கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியாகும். இதில் நடத்துநர் கதைக்களத்தை விரிக்க, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி அதனுள் செல்கின்றனர். வழியில் கிடைக்கும் வாளோ மோதிரமோ மாய ஆற்றல் உடையதாக இருக்கலாம். அதன் இயல்பை அறிந்த பின்னரே முழுப் பயன் கிட்டும். மந்திரக்கோல்கள் பல குறிப்பிட்ட முறைகளே செயற்படும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உடையவரோடு தனிப் பிணைப்பை வேண்டும் மாயப்பொருள்களில் ஒருவர் ஒரே வேளையில் மூன்றை மட்டுமே கொள்ளலாம்.

கண்டடைதல்
அமுதசுரபி முதலில் வெளிப்படும் இடம் மதுரை. அங்கே சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்கிய ஆபுத்திரன், பிச்சை ஏற்றுக் குருடர், செவிடர், முடவர் முதலியோரை உண்பித்து எஞ்சியதைத் தான் உண்டான். மழை பெய்த ஓர் இரவில் பசியோடு வந்தவர்க்கு ஈய ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது, சிந்தாதேவி அப்பாத்திரத்தை அளித்தாள். அதாவது, பொருள் வருமுன்பே அதற்குரிய ஒழுக்கம் அவனிடம் அமைந்திருந்தது. பின்னர் அது மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கையை அடைகிறது.

அறிதல்
மணிமேகலை பாத்திரத்தைப் பற்றிப் படிப்படியாகவே அறிகிறாள். அதன் ஆற்றலைத் தீவதிலகை உரைக்கிறாள். அதன் வரலாற்றை அறவண அடிகள் விளக்குகிறார். முதற்பிச்சை பெறத்தக்க ஆதிரையின் மனையைக் காயசண்டிகை காட்டுகிறாள். ஆட்டத்தில் இயல்பை அறிதல் பெரும்பாலும் ஒரு மந்திரத்தால் முடிந்துவிடும். காப்பியத்தில் அது பிறரிடம் கேட்டறியும் கல்வியாகிறது.

பயன்பாடும் எல்லையும்
அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறைவதில்லை, முறைக்கணக்கும் அதற்கில்லை. ஆயினும் அது பயனற்றுப் போகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் வறண்டிருந்த பாண்டிநாட்டில், ஆபுத்திரனுக்கு மாறாக இந்திரன் மழை வளத்தைப் பெருக்கினான். பசித்தோர் அருகினர், பாத்திரத்தை நாடி வருவார் இல்லை. பசித்தோரைத் தேடிச் சாவகம் செல்லக் கப்பலேறிய ஆபுத்திரன், ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். அங்கே பாத்திரத்தைப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். வற்றாத கலம் கையிலிருந்தும், பிறர்க்கு உதவாத அதனால் தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் விரும்பவில்லை.

மணிமேகலையிடம் அதே பாத்திரம் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியைத் தீர்க்கிறது; சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற வழிசெய்கிறது; பஞ்சமுற்ற காஞ்சியில் உயிர்களைக் காக்கிறது.

முடிவுரை
மேசை ஆட்டத்தில் எல்லை பொருளின் மீதும் உடையவரின் மீதும் விதிக்கப்படுகிறது. ஆட்டத்தின் சமநிலைக்கு அது தேவை. மணிமேகலையிலோ எல்லை பெறுவோரின் பசியில் உள்ளது. ஆட்டத்தில் மாயப்பொருள் உடையவரின் வலிமையைக் கூட்டுகிறது. அமுதசுரபி உடையவரின் கடமையைக் கூட்டுகிறது. காப்பியங்களில் வரும் அரும்பொருள்களை வெறும் வியப்புக் கூறுகளாக ஒதுக்காமல், அவற்றின் பயன்பாட்டு விதிகளை ஆராய்ந்தால், அக்காப்பியங்களின் அறநோக்கு தெளிவாகப் புலப்படும்.