ஒரு வகைப் பூ

1984-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் தமிழய்யா புத்தகத்தை மூடிவிட்டுக் குறிஞ்சிப்பாட்டின் பூக்களைச் சொல்வார். காந்தளில் தொடங்கி 99 பூக்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்வார். பரீட்சைக்கு வராத பகுதிதான். ஆனாலும் வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது.

ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அய்யா, காந்தள்னா எப்படிங்கய்யா இருக்கும்?"

அவர் சற்று யோசித்தார். கையிலிருந்த உரைநூலைப் புரட்டினார். "ஒரு வகைப் பூ" என்றார். அரும்பதப் பொருளில் அவ்வளவுதான் இருந்தது. அய்யாவைக் குறைசொல்ல மாட்டேன். காந்தளைக் காட்ட அன்று அவரிடம் என்ன இருந்தது? கரும்பலகை, சாக்பீஸ், குரல். பாடநூலில் படங்கள் அரிது. இருந்த சிலவும் கறுப்பு வெள்ளை. ஓவிய ஆசிரியர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவர் பாடவேளையில் பூச்சாடி வரைந்தோம், குடம் வரைந்தோம். அந்தச் சாடியில் காந்தளை வைத்து வரையலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழும் ஓவியமும் கால அட்டவணையில் இரண்டு கட்டங்களாக இருந்தன. ஒன்றின் கதவு மற்றொன்றுக்குத் திறக்கவில்லை.

இந்தப் பூக்களின் பட்டியல் நம் கைக்கு வந்த கதையே பெரிது. குறிஞ்சிப்பாட்டும் அடங்கிய பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் சுவடி தேடியபோது, கிடைத்த ஏடுகளில் மூன்று பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர மடத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்தார். 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. பின்னாளில் 'உதிர்ந்த மலர்கள்' என்று ஒரு கட்டுரையே எழுதினார். மூன்று பெயர்களுக்காக ஒரு மனிதர் அப்படி அலைந்திருக்கிறார். எங்கள் தலைமுறையோ 99 பெயர்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு பூக்களைத் தொலைத்திருந்தது.

இன்று நானே தமிழாசிரியர். தாராபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. வகுப்பறை மாறியதை ஒவ்வொரு படியாகப் பார்த்தவன். 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் வண்ணப் படங்களோடு கியூஆர் கோடும் இருந்தது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்துக்கான காணொளி ஓடும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அன்று நாங்கள் கண்ணாலும் காணாத பழம்பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

இவையெல்லாம் வந்த புதிதில் நானும் ஒரு தவறு செய்தேன். பாடம் தொடங்கும்போதே படத்தைப் போட்டுவிடுவேன். பிள்ளைகள் பார்ப்பார்கள், "சூப்பர்ங்கய்யா" என்பார்கள், அடுத்த படம் கேட்பார்கள். பாட்டு பின்னால் போய்விடும். கண் நிறைந்த பிறகு காதுக்கு வேலை இல்லை. நாலைந்து ஆண்டுகள் இப்படியே போனபின் வரிசையை மாற்றினேன். முதலில் கேட்க வேண்டும், அடுத்து வரைய வேண்டும், கடைசியில்தான் திரை.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் காந்தள் வந்தது. புலவர்கள் இதை எரியும் சுடர் என்றும், பாம்பின் படம் என்றும், பெண்ணின் கைவிரல்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "இந்த மூன்றும் ஒரே பூவில் இருக்க வேண்டும். வரையுங்கள்." ஒருத்தி அகல்விளக்கு வரைந்தாள். ஒருவன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையை வரைந்து சிவப்புத் தீட்டினான். எல்லாத் தாளையும் வராந்தாவில் பரப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே திரையில் பூவைக் காட்டினேன்.

ஆறு இதழ்கள். எல்லாம் கீழே தொங்காமல் மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. இதழ்களுக்குக் கீழே மகரந்தத் தாள்கள் விரல்போல் விரிந்திருக்கின்றன. வகுப்பு ஒரு கணம் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அய்யா, இது எங்க காட்டுல போட்டிருக்கறதுங்க. கண்வலிப்பூங்க!"

கொங்கு நாட்டில் காடு என்றால் பயிர் செய்யும் நிலம். மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்குதான் சங்கப் பாட்டின் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பூக்கும் பருவத்தில் அம்மாவோடு விடியற்காலையில் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்போம் என்றாள். கிழங்கு நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது என்றும் சொன்னாள். அன்று அவள்தான் ஆசிரியர். நானோ "ஒரு வகைப் பூ" என்று எழுதிப் படித்த காலத்தில் அந்தக் கொடிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்திருக்கிறேன்.

அடுத்த வாரம், படம் வரைந்து தரும் செயலியில் "காந்தள் மலர்" என்று எழுதிக் கேட்டோம். ரோஜாவைப் போல ஏதோ ஒரு சிவப்புப் பூவைத் தந்தது. "இதழ் மேல வளையலைங்க", "இலை நுனி சுருளலைங்க" என்று பிள்ளைகள் பிழை பிடித்தார்கள். ஒவ்வொன்றையும் சொல்லாக்கி எழுதச் சொன்னேன். எட்டாம் முறை எழுதியபோது படம் ஓரளவு காந்தளானது. எத்தனையோ கட்டுரைத் தலைப்புகள் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு கூர்மையாக அவர்கள் ஒரு பொருளை வருணித்து நான் கண்டதில்லை.

அன்று இருந்த ஒன்று இன்று குறைந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 99 பூக்களையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை இன்று என் வகுப்பில் இல்லை. இணையத்தில் அகப்படுவதை அப்படியே நம்பும் பழக்கமும் வந்துவிட்டது. அனிச்சம் என்று தேடினால் உடனே ஒரு படம் வரும். அனிச்சம் எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை என்பதை அந்தப் படம் சொல்லாது. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அதனால் என் வகுப்பில் வாரம் ஐந்து பூக்கள் வாய்ப்பாடமும் உண்டு. ஆவிரை, தும்பை, கருவிளை, பீரம் இவை பள்ளி வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. ஆவாரம்பூவும் சங்குப்பூவும் பீர்க்கம்பூவும் குறிஞ்சிப்பாட்டில் இருப்பது தெரிந்த பிள்ளை, பறிப்பதற்கு முன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறது.

குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்பது மரபு. தமிழ் தெரியாத ஒருவருக்குத் தமிழ் சொல்லித்தர வந்த புலவர், தலைவியையும் தோழியையும் அருவியில் ஆடவிட்டு, மலையெல்லாம் பூப்பறிக்க வைத்து, மழை கழுவிய பாறையின்மேல் அத்தனையையும் குவிக்க வைக்கிறார். பிள்ளைகள் வரைந்த தாள்களை வராந்தாவில் பரப்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறை நினைவுக்கு வருகிறது. இதுவரை 31 பூக்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் தாளில் காந்தள். அதன் கீழே அந்தப் பெண் தன் கையால் எழுதியிருக்கிறாள்: "எங்கள் காட்டுப் பூ."