துணி இறக்கை விமானம்

கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். 1930களிலேயே இந்தத் தூரத்தை ஏறக்குறைய அரை மணியில் கடக்கக்கூடிய சின்னஞ்சிறு விமானம் ஒன்று மலாயாவில் இருந்தது. கோலாலம்பூர் விமானச் சங்கத்தார் அதில்தான் பறக்கப் பழகினார்கள். அதன் பெயர் 'மோத்'. விளக்கைச் சுற்றிவரும் அந்துப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது.

இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்பவர் அமைத்த இவ்விமானம் 1925 பிப்ரவரி 22ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அந்துப்பூச்சியைப் போலவே இதற்கும் இறக்கைகளைப் பின்பக்கமாக மடக்கிக்கொள்ள முடியும். விரித்தால் சுமார் 30 அடி. மடக்கினால் 10 அடிக்கும் குறைவு. ஒரு வண்டிக் கொட்டகை இருந்தால் போதும், உள்ளே தள்ளிப் பூட்டிவிடலாம்.

உடல் முழுவதும் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும்தான். இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. மரச்சட்டத்தின்மேல் துணியைப் போர்த்தி, ஒரு வகைப் பூச்சைப் பூசுவார்கள். பூச்சு காயும்போது துணி மேளத்துத் தோல் போல விறைத்துக்கொள்ளும். பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது. உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோல, பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு இறங்கும், பம்பு வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். கூரை கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான்!

எல்லாரும் வாங்கக்கூடிய விமானம் என்று அக்காலத்தில் இதைப் புகழ்ந்தார்கள். அந்த 'எல்லாரும்' யார் என்று நாம் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1929 வாக்கில் இதன் விலை சுமார் 650 பவுன். அன்றைய மலாயா நாணயத்தில் 5,500 வெள்ளிக்கு மேல். அப்போது தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு நாளும் விடாமல் பால் வெட்டி, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் நம் தாத்தாவுக்கு 30 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆனாலும் பணக்காரர்கள் மட்டுமே இதை ஓட்டினார்கள் என்பதற்கில்லை. லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவர் ஏமி ஜான்சன் என்ற பெண். விமானம் ஓட்டக் கற்றதோடு, எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றுப் பொறியாளர் உரிமமும் பெற்றார். தந்தையும் ஒரு செல்வந்தரும் உதவ, பழைய மோத் ஒன்றை வாங்கி, 1930 மே 5ஆம் நாள் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

ரங்கூனுக்கு அருகே இன்சேனில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது, விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை கிழிந்தது. அங்கிருந்த தொழிற்கல்வி நிலையத்தார் மரச்சட்டத்தைச் செப்பனிட்டார்கள். துணிக்கு எங்கே போவது? போர்க்காலத்தில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கையில் ஒட்டிவிட்டார்கள்! மே 18இல் சிங்கப்பூர் வந்தார். பிறகு ஜாவாவில் மூங்கில் முளைகள் குத்தி இறக்கை மறுபடி கிழிய, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பறந்தார். மே 24இல் டார்வின் நகரில் இறங்கினார். அந்த விமானம் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.