சொந்தமாகச் செய்த விமானத்துக்கு எந்த விளக்கு?

ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமங்களில், இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தால், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியபடி நகர்ந்து போவதைக் காணலாம். விமானம் கொஞ்சம் தாழப் பறந்தால், ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையுமாக இரண்டு புள்ளிகள் தெரியும்.

இந்த வட்டாரத்துக்கு விமானம் புதிதல்ல. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டையில், இரண்டாவது உலக யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. ஆனால் விமானத்தில் அந்த விளக்குகள் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால், “விமானிக்கு வழி தெரிய வேண்டாமா?” என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள்.

அது சரியல்ல. அந்தச் சிவப்பும் பச்சையும் மின்னலும் விமானிக்கு எதையும் காட்டுவதில்லை. விமானியைத்தான் பிறருக்குக் காட்டுகின்றன. இந்த உண்மையை மனத்தில் வாங்கிக்கொண்டவர்தான் விமானத்துக்குச் சரியான விளக்கைத் தேர்ந்தெடுக்க முடியும்.

“விளக்கைத் தேர்ந்தெடுப்பது விமானக் கம்பெனியின் வேலை அல்லவா?” என்று வாசகர்கள் கேட்கலாம். கம்பெனியில் செய்த விமானத்துக்கு அது பொருந்தும். தானே விமானம் செய்கிறவருக்கு?

மொட்டை மாடியில் விமானம்!

தானே விமானம் செய்கிறவர்களும் உண்டா என்று வியக்க வேண்டாம். சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்ஜலிஸ் என்பவர், தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டு, சிம்ப்ஸன் கம்பெனியில் செய்வித்து, 1910-ம் ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் பறந்து காட்டினார்.

நம் காலத்திலும் இந்த ஆர்வம் அணையவில்லை. பம்பாயில் அமோல் யாதவ் என்ற விமானி, தம் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் செய்தார். 2016-ல் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அதைக் கண்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கேரளத்துத் தொடுபுழையைச் சேர்ந்த ஸாஜி தாமஸ் காது கேளாதவர், பேச இயலாதவர். அவர் சொந்தக் கையால் செய்த சிறு விமானம், 2014-ல் நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறு ஓடுதளத்திலிருந்து வானில் எழுந்தது.

டி ஆஞ்ஜலிஸுக்கு விளக்குத் தேவைப்படவில்லை. அன்று வானத்தில் அவருக்கு எதிரே வர வேறு ஆள் இல்லை! இன்று நிலைமை அப்படியா?

மூன்று நிறங்கள்

விமானத்தின் வெளி விளக்குகளில் முதல் வகை, திசை காட்டும் விளக்குகள். இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது இறக்கை நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இந்தச் சிவப்பும் பச்சையும் கப்பலிலிருந்து வந்தவை. நீராவிக் கப்பல்கள் இரவில் ஒன்றோடொன்று மோதியதைக் கண்டு, 1848-ல் பிரிட்டனில் இந்த நிறங்களைக் கட்டாயமாக்கினார்கள். கடலில் பிறந்த வழக்கம் அப்படியே வானத்துக்கும் ஏறிவிட்டது.

நிறம் மட்டும் போதாது, கோணமும் முக்கியம். சிவப்பு விளக்கு, நேர் முன்னிருந்து இடப்புறமாக 110 டிகிரி வரைதான் தெரிய வேண்டும். பச்சை, அதே போல வலப்புறமாக 110 டிகிரி. மிச்சமுள்ள 140 டிகிரியும் பின்னால் இருக்கும் வெள்ளை விளக்குக்கு. மூன்றையும் கூட்டினால் 360, வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதேனும் ஒரு விளக்கு தெரியும். எந்த விளக்குத் தெரிகிறது என்பதை வைத்து, விமானம் எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்லிவிடலாம்.

வெளிச்சத்துக்கும் அளவு உண்டு. சிவப்பும் பச்சையும் நேர் முன்புறத்தில் குறைந்தது 40 காண்டெலா, அதாவது ஏறக்குறைய 40 மெழுகுவத்திகளின் வெளிச்சம், தர வேண்டும். பக்கவாட்டில் 5 இருந்தாலும் போதும். வால் விளக்குக்கு 20.

கோயிலில் ஒரு குறிப்பு

எந்தப் பக்கம் எந்த நிறம் என்பது சிலருக்கு மறந்து போகும். ரிஷிவந்தியத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் ஊர்க் கோயில் அர்த்தநாரீஸ்வரர் கோயில். அங்கே தேன் அபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்பிகையின் வடிவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அர்த்தநாரீஸ்வரரைப் படமாகத் தீட்டுகிறவர்கள், சுவாமியின் வலப்பாகத்தைச் சிவனுக்குரிய செம்மேனியாகவும், இடப்பாகத்தை அம்மனுக்குரிய பச்சை மேனியாகவும் தீட்டுவது உண்டு. அந்தப் படத்துக்கு எதிரே நின்று கும்பிடுகிறவருக்குச் சிவப்பு இடக்கைப் பக்கம். பச்சை வலக்கைப் பக்கம். விமானி தன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியேதான்! இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் விளக்கை மாற்றிப் பொருத்துகிற விபரீதம் நேராது.

யார் விலக வேண்டும்?

மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? வானத்தில் போலீஸ்காரர் கிடையாது, விளக்குதான் போலீஸ்காரர். இரண்டு விமானங்கள் குறுக்கே சந்திக்க நேர்ந்தால், வலப்பக்கத்தில் இருப்பவருக்கே வழி. இது உலகம் பூராவுக்கும் பொதுவான விதி.

உங்கள் வலப்பக்கத்திலிருந்து ஒருவர் குறுக்கே வந்தால், அவருடைய இடது இறக்கைதான் உங்களுக்குத் தெரியும். அதாவது சிவப்பு. சிவப்பைக் கண்டால் நீங்கள் விலக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வருகிறவரின் பச்சை விளக்கு தெரிந்தால், விலக வேண்டியவர் அவர். வெள்ளை மட்டும் தெரிந்தால் நீங்கள் அவருக்குப் பின்னால் போகிறீர்கள் என்று அர்த்தம். முந்துவதானால் வலப்பக்கம் ஒதுங்கித்தான் முந்த வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் அபாயம்! அவர் உங்களுக்கு நேர் எதிரே வருகிறார். இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். நம் ஊர்ச் சாலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு சூட்சுமம். தூரத்து விளக்கு கண்ணாடியில் நகர்ந்துகொண்டே இருந்தால் பயமில்லை. அது விலகிப் போய்விடும். ஒரே இடத்தில் அசையாமல் நின்று, பிரகாசம் மட்டும் கூடிக்கொண்டே வரும் விளக்குதான் மோத வரும் விளக்கு.

ஆகவே, கோணம் தவறிய விளக்குப் பொய் சொல்லும் விளக்காகிவிடும். லாரிக்குப் போடும் வண்ண விளக்கைக் கடைத்தெருவில் மலிவாக வாங்கி இறக்கையில் பொருத்தலாமே என்ற ஆசை சிலருக்கு எழும். அதன் வெளிச்சம் எந்தக் கோணத்தில் முடிகிறது என்பதை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. விமானத்துக்கென்று அளந்து செய்த விளக்குக்கு விலை அதிகம் என்றால், அந்த விலை இந்த அளவுக்காகத்தான்.

பன்னிரண்டரை விநாடி

இரண்டாவது வகை, மோதல் தடுக்கும் மின்னல் விளக்கு. சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம். நிமிஷத்துக்கு 40 முதல் 100 தடவை மின்ன வேண்டும். பலம் 400 காண்டெலா. திசை விளக்கைப் போலப் பத்து மடங்கு.

ஏன் இவ்வளவு பலம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு சிறு விமானங்கள் எதிரெதிரே வருகின்றன. இரண்டும் சேர்ந்து மணிக்கு 360 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 100 மீட்டர். எதிரே வருவதைக் கண்டு, அது விமானம் என்று தெரிந்து, மோதும் என்று உணர்ந்து, தீர்மானம் செய்து, கையை அசைத்து, விமானம் திரும்பி முடிக்க 12½ விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறை கணக்கிட்டிருக்கிறது. அதற்குள் 1,250 மீட்டர் கரைந்துபோகும்! ஒன்றேகால் கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் படாத விமானம், கண்ணில் பட்டும் பயனில்லை.

இந்தியாவில் மைக்ரோலைட் என்ற சிறு விமானங்களுக்குப் பகல் வெளிச்சத்தில், தெளிவான வானிலையில் மட்டுமே பறக்க அனுமதி. பகலில் மட்டும் பறப்பவருக்குத் திசை விளக்குகளால் அதிகப் பயன் இல்லை. மின்னல் விளக்கு அப்போதும் உதவும். கையில் பணம் குறைவு என்றால் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

மின்னல் விளக்கை வைக்கும் இடத்திலும் ஜாக்கிரதை தேவை. அதன் ஒளி விமானியின் கண்ணில் நேரே படக் கூடாது. மேகத்துக்குள்ளோ மூடுபனியிலோ அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக வெட்டி, தலை சுற்றும்.

வரவும் செலவும்

சிறு விமானத்துக்கு மின்சாரம் குடும்பத்துச் சம்பளம் மாதிரி, அளவாகத்தான் வரும். இப்படிப்பட்ட விமானங்களில் அதிகமாகப் பயன்படும் ரோடாக்ஸ் 912 என்ற எஞ்சின், முழு வேகத்தில் ஓடும்போது தருவது சுமார் 250 வாட். ரேடியோ, கருவிகள், பாட்டரி எல்லாம் அதில்தான் பிழைக்க வேண்டும்.

பழைய நாளில், இறங்கும்போது தரையைக் காட்டும் ‘லாண்டிங் விளக்கு’ ஒன்றே 100 வாட் விழுங்கும். அதன் பலம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் காண்டெலா. ஆனால் ஆயுள் 25 மணி நேரம்தான்! திசை விளக்கு பல்புகள் ஒவ்வொன்றும் சுமார் 25 வாட். எல்லாவற்றையும் போட்டால் எஞ்சின் தரும் மின்சாரத்தில் பாதிக்குமேல் வெளிச்சத்துக்கே போய்விடும். அதனால் பலரும் விளக்கைச் சிக்கனமாக அணைத்துவைத்தார்கள். தேவையான நேரத்தில் அணைந்திருக்கும் விளக்கால் யாருக்கு லாபம்?

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. சொற்ப மின்சாரம், பல ஆயிரம் மணி நேர ஆயுள். சிவப்பு அல்லது பச்சை, பின்னால் பார்க்கும் வெள்ளை, மின்னல் மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கி இறக்கை நுனியில் பொருத்திவிடலாம். வாலுக்குத் தனியாக ஒயர் இழுக்க வேண்டாம், எடையும் மிச்சம். பழைய மின்னல் விளக்குகளில் இருந்த நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தமும், தெரியாமல் தொட்டால் அடிக்கும் ஷாக்கும் இதில் இல்லை.

குறையே இல்லையா? உண்டு. சில எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே இருக்கும் மின்கருவி, விமானியின் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, ரேடியோவைத் திறந்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். விளக்குக்குப் போகும் ஒயர் திசைமானியின் பக்கமாகப் போனால் அதன் முள் விலகிவிடும். உடல் ஃபைபர் கிளாஸால் ஆன விமானமானால், அதன் வழியே மின்சாரம் திரும்பாது. ஒவ்வொரு விளக்குக்கும் பாட்டரிக்குத் திரும்பிவரும் ஒயர் தனியாக வேண்டும்.

லாண்டிங் விளக்குக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நடுப்பகல் வெயிலில் மின்னல் விளக்கு மங்கிப்போனாலும், முன்னோக்கிப் பாயும் இந்த விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் படும். அதனால்தான் விமான நிலையத்தை நெருங்கும்போது பகலிலும் இதைப் போட்டுக்கொள்ளும்படி விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கடைசிப் பரீட்சை

விளக்குகளைப் பொருத்தியாயிற்று. சரியாக இருக்கின்றனவா என்று அறிய யந்திரம் எதுவும் வேண்டாம். இருட்டிய பிறகு விமானத்தைத் திறந்த வெளியில் நிறுத்தி, விளக்குகளைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு சுற்று நடந்து வந்தால் போதும். நேர் முன்னே நிற்கும்போது இரண்டு நிறமும் தெரிய வேண்டும். பக்கவாட்டில் நன்றாக ஒதுங்கினால் ஒன்று மறைய வேண்டும். இறக்கையைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போனதும் நிறம் அணைந்து வெள்ளை தோன்ற வேண்டும். எந்த இடத்திலும் இருட்டாக இருக்கக் கூடாது.

இருட்டான இடம் ஒன்று தென்பட்டால், எதிராளி அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது அவருக்கு இந்த விமானமே இல்லை. அன்றிரவே திருகாணியைக் கழற்றி விளக்கைத் திருத்தி வைத்துவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று நடந்து பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.