தோற்றவன் பேசிய வசனங்கள்

யாரும் படிக்காத ஓர் அறிக்கையைத் தயாரிக்கச் சொன்னால், "இதெல்லாம் தேவையில்லாத ஆணி" என்கிறார்கள் இன்றைய அலுவலக இளைஞர்கள். அந்த ஆணி 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துடையது. பழைய ஆணிகளைப் பிடுங்கச் சொன்ன, நகைச்சுவை நடிகர் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணி, எது தேவை, எது தேவையில்லை என்று குடையும் வேலையாளிடம் மாட்டிக்கொண்டு தவிப்பார். இன்று அதைச் சொல்பவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆகவே, 2000-களின் வடிவேலு வசனங்கள் மீதுள்ள பிரியத்தை, இளமை போய்விட்டதே என்ற ஏக்கமாக மட்டும் பார்ப்பது சரியாகப் படவில்லை. இந்த வசனங்களால் இன்றும் ஏதோ ஒரு காரியம் ஆகிறது. அதனால்தான் அவை புழங்குகின்றன.

அந்தக் காரியம் என்ன? 'தலைநகரம்' (2006) படத்தில் வடிவேலுவின் நாய் சேகர், தன்னையும் பிடித்துப் போகச் சொல்லிக் கெஞ்சி போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொள்கிறான். ஏறியதும் "நானும் ரவுடிதான்" என்று ஊருக்கே கேட்கும்படி கூவுகிறான். தகுதி இல்லாத இடத்தில் தலையைக் காட்ட நினைக்கும் ஆசையும், அது பலிக்காது என்ற பயமும் அந்தக் கூவலில் சேர்ந்தே ஒலிக்கின்றன. 'பாட்ஷா' (1995) போன்ற படங்களின் பஞ்ச் வசனங்கள் ஜெயித்தவனுடையவை. நாம் சொன்னால் அது மிமிக்ரி. வடிவேலுவின் வசனங்களோ அடி வாங்கியவனுடையவை. நாம் சொன்னால் அது நம் நிலைமை. மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர், நேர்காணலில் தோற்றவர், கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் எல்லோருக்கும் மானம் போகாமல் தோல்வியை ஒப்புக்கொள்ள ஒரு வழி வேண்டியிருக்கிறது. அதை இந்த வசனங்கள் தருகின்றன. இத்தனைக்கும் 'ஃப்ரெண்ட்ஸ்' ஒரு மலையாளப் படத்தின் மறு ஆக்கம். நேசமணி, மூலத்தில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த பாத்திரம். நம் நாக்கில் அதை ஒட்டவைத்தது வடிவேலுவின் மதுரைப் பேச்சும், வீராப்பாகத் தொடங்கி முனகலில் முடியும் அந்தக் குரலும்தான்.

தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டதால் மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதி தமிழ் சினிமாவின் பழைய வழக்கம். அதை வெட்டி எடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். ஆனால் அதே அலைவரிசைகள் எத்தனையோ நடிகர்களின் காட்சிகளையும் ஓட்டின. எல்லாமா நாக்கில் தங்கின? 2019 மே மாதக் கடைசியில், ஒரு சுத்தியலின் படத்துக்குக் கீழே அது நேசமணியின் தலையில் விழுந்த கதையை யாரோ எழுதப்போய், அவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் பரவியது. படம் வந்து 18 வருடம் கழித்து அதைச் செய்தது எந்த அலைவரிசையும் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. நிறத்தையும் உடலையும் பெண்களையும் கேலி செய்த வசனங்கள் அந்தப் பத்தாண்டில் ஏராளம். வடிவேலு படங்களும் விலக்கல்ல. அந்தக் காலம் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லக் கூடாது. அந்தக் கேலியைப் பட்டப்பெயராகச் சுமந்த பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தார்கள். அவற்றை மீண்டும் பகிராமல் விடுவது நம் கையில்தான் இருக்கிறது. அடி வாங்குபவனைப் பார்த்துச் சிரிப்பதே கொடுமை அல்லவா என்பவர்களுக்கு 'மாமன்னன்' (2023) பதில் வைத்திருக்கிறது. இயக்குநர் மாரி செல்வராஜ் அதில் வடிவேலுவைச் சட்டமன்ற உறுப்பினராக்கி, சாதியின் பெயரால் நாற்காலி மறுக்கப்பட்டு நிற்கவைத்தார். பல வருடங்களாக நாம் பார்த்துச் சிரித்த அதே பணிவுதான் அது. திரையரங்கில் யாருக்கும் அந்த முகம் அந்நியமாகத் தெரியவில்லை. அடி வாங்கியவனின் வலி என்னவென்று அந்த நகைச்சுவைக் காட்சிகளிலேயே பாதி தெரிந்துவைத்திருந்தார்கள்.