சென்னை மேடா? பள்ளமா?

சென்னை தட்டையான ஊர்தானே, அங்கே லெவல் பார்க்க என்ன இருக்கு என்று கேட்பீர்கள். தட்டையாக இருப்பதுதான் சிக்கலே!

கடல் மட்டத்திலிருந்து நகரத் தரையின் சராசரி உயரம் சுமார் 7 மீட்டர்தான். பரங்கிமலை போன்ற சில குன்றுகளே விதிவிலக்கு. அந்த மலைக்கு அருகில்தான் 1802இல் லாம்ப்டன் பேஸ் லைன் அளந்து, இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார்.

ஒரு சின்னக் கணக்கு. கடலிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி, 7 மீட்டர் உயரத்தில் ஓரிடம் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 1000க்கு 1. அதாவது மீட்டருக்கு 1 மில்லிமீட்டர். நம்ம லெவலிங் ஸ்டாஃபில் மிகச் சிறிய பிரிவே 5 மில்லிமீட்டர்! இந்தச் சரிவில் தண்ணீர் மெல்லத்தான் நகரும். போதாததற்கு கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல்திட்டு அடைக்கிறது. தெற்கே, சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரைத் தாங்குவது தாழ்வான பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதைத் தூர்த்தால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்ளேதான். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைத் தாழ்நிலங்கள் மூழ்கியதை மறக்க முடியுமா?

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா கொத்தனார். "பழைய ரோட்டைச் சுரண்டாம மேலேயே தார் போட்டா, ரோடு மேடாகும், வீடு பள்ளமாகும்" என்பார். ரசமட்டம் பிடித்த கை சொல்வதும் நம் சர்வே புத்தகம் சொல்வதும் ஒன்றுதான்.

மனை வாங்குகிறவர்கள் விலை கேட்கிறார்கள், பட்டா கேட்கிறார்கள், லெவல் கேட்பதில்லை. நாளைக்கு சைட்டில் நிற்கப்போகும் நாம்தான் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லணும்.